நைஜீரியாவில் இந்தியர்

நைஜீரியாவில் இந்தியர் எனப்படுவோர், மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவில் வணிகம் அல்லது பணியின் பொருட்டு வாழும் இந்தியக் குடிமக்களும் இந்திய வம்சாவளியினரும் ஆவர். 2024 நவம்பரில் இந்திய அரசு குறிப்பிட்ட மதிப்பீட்டின்படி இவர்களின் தொகை சுமார் 60,000 ஆகும். தென்னாப்பிரிக்காவைப் போலன்றி, இங்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்படவில்லை. பெரும்பாலானோர் சில ஆண்டுகள் பணியாற்றியபின் தாயகம் திரும்புகின்றனர்.

வரலாறு

இந்தியர் குடியேறுவதற்கு முன்னரே சென்னைப் பகுதியின் கட்டமிட்ட கைத்தறித் துணி ஐரோப்பிய வணிகர் வழியாக நைஜர் ஆற்றுக் கழிமுகத்தை அடைந்திருந்தது. அங்குள்ள கலபாரி மக்கள் அதனை இன்றும் சடங்குகளில் அணிகின்றனர்.

முதலில் குடியேறியவர்கள் சிந்தி வணிகர்கள். செல்லாராம் நிறுவனம் 1923 இல் லாகோசில் தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெறுவதற்கு (1960) இரண்டாண்டு முன்பே, 1958 இல், இந்தியா அங்கே தூதரகத்தைத் திறந்தது. 1970களில் எண்ணெய் வருவாய் பெருகிப் பள்ளிகள் விரிவடைந்தபோது தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து ஆசிரியர்களும் பொறியாளர்களும் சென்றனர். 1986 இல் தொடங்கிய பொருளாதாரச் சீரமைப்பின்போது நைரா நாணயம் வீழ்ந்ததால், ஊருக்கு அனுப்பும் பணத்தின் மதிப்பு குறைந்து பலர் வெளியேறினர்.

பணி அனுமதி

வெளிநாட்டவரை அமர்த்த விரும்பும் நிறுவனம் முதலில் உள்துறை அமைச்சகத்திடம் பணியிட ஒதுக்கீடு பெறவேண்டும். பணியாளர் அதற்குரிய நுழைவிசைவில் சென்று, பின்னர் வதிவிட அட்டை பெறுகிறார். இவ்வனுமதி அமர்த்திய நிறுவனத்தைச் சார்ந்தது. எனவே வேலையை இழப்பவர் நாட்டில் தங்கும் உரிமையையும் இழக்க நேரிடும்.

இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், 1983 இன் கீழ் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இல்லை. இதனால் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளரின் ஒப்பந்தம் அரசால் சரிபார்க்கப்படுவது போன்ற நடைமுறை இங்குப் பொருந்தாது.

ஊதியம்

ஒப்பந்தத்தில் ஊதியம் எந்த நாணயத்தில் குறிக்கப்படுகிறது என்பது முதன்மையானது. 2023 சூனில் நாணயமாற்றுக் கட்டுப்பாடு தளர்த்தப்படுமுன் ஒரு டாலருக்குச் சுமார் 460 ஆக இருந்த நைரா, 2024 இல் 1,500ஐக் கடந்தது. நைராவில் ஊதியம் பெற்றோரின் சேமிப்பு டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

உடல்நலம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பயணத்திற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பு போடப்படவேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இது போடப்படுகிறது. 2016 முதல் இதன் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். சான்றிதழின்றி இந்தியா திரும்புவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

உலக மலேரியா நோயாளிகளில் கால்பங்கினர் நைஜீரியாவில் உள்ளனர். பிறந்த ஊரில் இந்நோய்க்கு ஆட்படாதவருக்கு அது கடுமையாகத் தாக்கக்கூடும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் பயண விவரத்தை மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.