வெற்றிலைத் தட்டிலிருந்து சுவர்த் தட்டு வரை: கண்டிப் பிரதேச வெள்ளிவேலை குறித்துச் சில சிந்தனைகள்

கண்டிப் பிரதேசத்து வெள்ளிவேலையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் கொடிக்கருக்கையும் தாமரை இதழ் வரிசையையுமே வியந்துள்ளனர். அக்கலன் யாருக்கு, எதனைப் பரிமாறுவதற்காக ஆக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கம்பளை அரசிருக்கையாக விளங்கியது. அதன் அயலிலே 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் சிற்பாசாரியன் கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியன். அதே காலத்து லங்காதிலக விகாரையின் கற்சாசனம் சிங்களத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கைவினைஞர் கடலைக் கடந்து வந்து தொழில்செய்த காலம் அது. செம்பு, தட்டு, படிக்கம் என்னும் நம் சொற்கள் சிங்களத்தில் செம்புவ, தட்டுவ, படிக்கம என வழங்குவதும் நோக்கற்பாலது. சிங்களக் கலை, தமிழ்க் கலை எனப் பிற்காலத்தார் இட்ட வேலியை இக்கலன்கள் அறியா.

கண்டி அரசின் தேர்ந்த கைவினைஞர் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரச தொழிற்சாலைகளிற் பணியாற்றினர். ‘பட்டல’ என்பது நம் ‘பட்டறை’க்கு உறவுடைய சொல்லாகவே எமக்குத் தோன்றுகிறது. அச்சமுதாயத்தில் விருந்தோம்பலின் முதற்பொருள் வெற்றிலை. எனவே வெற்றிலைத் தட்டு, பாக்குவெட்டி, படிக்கம், ‘கில்லோட்டய’ என்னும் சுண்ணாம்புச் சிமிழ் ஆகியவற்றிலேதான் கைவினைஞனின் கற்பனை குவிந்தது. கில்லோட்டய உள்ளங்கையில் அடங்கும். வட்டமான அச்சிமிழின் சங்கிலியில் சுண்ணாம்பு எடுக்கும் சிறு கரண்டி தொங்கும். அலங்காரம் அனைத்தும் பயனைச் சுற்றியே படர்ந்திருப்பதை அதிலே காணலாம். ஆயினும் இதனைப் பொற்காலமென்று போற்ற நாம் ஆயத்தமாயில்லை. கைவினைஞன் மானிய நிலத்தோடும் சாதியோடும் பிணிக்கப்பட்டிருந்தான். அவன் செய்த தட்டில் அவனுக்கு எவரும் வெற்றிலை நீட்டியிருக்கமாட்டார்கள்.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் எஞ்சிய சேவைக் கடமைகளைப் பணமாக மாற்றிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. கட்டு அவிழ்ந்தபோது ஆதரவும் அவிழ்ந்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. வெள்ளைத் தோட்டத்துரைமாரும் பயணிகளும் புதிய வாடிக்கையாளராயினர். 1882இல் கண்டியக் கலைச் சங்கம் அமைந்தது. தேநீர்க் கலங்களும் கரண்டிகளும் பரிமாறு தட்டுகளும் பழைய கொடிக்கருக்கைப் போர்த்துக்கொண்டு பிறந்தன. இதே காலத்திற் சென்னையில் பி. ஓர் அன்ட் சன்ஸ் நிறுவனம், இந்துத் தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ வெள்ளிக் கலன்களை ஐரோப்பியருக்கு விற்றுக்கொண்டிருந்தது. வணங்கப்பட்ட உருவம் தேநீர்க் கேத்தலின் வயிற்றிற் குடியேறியது!

இம்மாற்றத்தை முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல், வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சுப்பொறியிலே 425 பிரதிகளாக வெளிவந்தது. ஐரோப்பிய வணிகம் கைவினைஞனின் தீர்ப்பாற்றலைப் பறித்தது என்ற அவர் கருத்துடன் நாம் உடன்படுகின்றோம். பழைய ஆதரவு முறைமீது அவர் கொண்ட ஏக்கத்துடன் உடன்பட இயலாது. நிலவுடைமையாளனின் கட்டளைக்கும் வணிகனின் கட்டளைக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு கைவினைஞனைக் கேட்பது நியாயமன்று.

இன்றைய நிலை யாது? 1964இல் லக்சல தோன்றியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. உல்லாசப் பயணிகள் பெருகினர். சந்திரவட்டக் கல்லை நடுவிலும் யானை வரிசையை விளிம்பிலும் கொண்ட வட்டத் தட்டே கண்டி வேலையின் அடையாளமாயிற்று. புடைப்பு உருவங்கள் நிறைந்த அத்தட்டில் ஒரு கோப்பை நேராக நிற்பதே அரிது. அது சுவரில் மாட்டுவதற்கெனவே செய்யப்படுகிறது. பரிமாறும் கலன் பரிமாறுவதை விட்டுவிட்டது.

வெள்ளித் தகட்டை நெருப்பிற் காய்ச்சி இளக்கி, குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்ந்த அரக்கின்மேற் பதித்து, பின்புறமிருந்து உளியால் உந்தி, பின்னர் முன்புறம் திருப்பிக் கோடுகளைச் செதுக்குவது பொறுமை வேண்டும் வேலை. தட்டுதலால் தகடு இறுகும். மீண்டும் மீண்டும் காய்ச்சாவிடில் வெடித்துவிடும். அச்சில் அழுத்தி, வெள்ளி முலாம் பூசிய பித்தளைத் தட்டு இவ்வுழைப்போடு கடையிற் போட்டியிடுகிறது. மூலப்பொருளின் விலையோ கைவினைஞனின் கையிலில்லை. 1980 சனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு வெள்ளி ஏறத்தாழ 50 டொலரைத் தொட்டது. 2025 ஒக்டோபரில் அந்த எல்லையையும் கடந்தது. இடையில் 2019இன் குண்டுவெடிப்புகளும், பெருந்தொற்றும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் பயணிகளின் வரவைக் குலைத்தன. பயணியை மட்டும் நம்பிய தொழிலுக்கு உள்ளூரிற் கைகொடுப்போர் மிகச் சிலரே.

அவ்வுள்ளூர்த் தேவை முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் திருமண வீடுகளிற் பன்னீர்ச்செம்பும் சந்தனக்கிண்ணமும் குங்குமச்சிமிழும் இன்றும் விருந்தினரை வரவேற்கின்றன. வசதியுள்ளோர் வீட்டில் அவை வெள்ளி. கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலோ, தேயிலையை நாட்டுக்குப் பரிமாறிய கைகள் எடுத்து நீட்டும் வெற்றிலைத் தட்டு துருவேறா உருக்கினாலானது. அதற்கும் ‘எவர்சில்வர்’ என்றே பெயர்.