கழற்றி மாட்டும் கரண்ட்: பெங்களூர் பிளக்கின் கதை

பெங்களூருக்குக் கரண்ட் வந்த கதையைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சிவனசமுத்திரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன். ஆனால் நான் போய்ச் சேர நினைக்கும் இடம் வேறு. சுவரில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறதே, மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட், அதுதான். கரண்ட் ஊருக்கு வந்தது ஒரு கதை என்றால், அதைக் கழற்றி மாட்ட நாம் கற்றுக்கொண்டது இன்னொரு கதை. உயிர் போகிற சமாசாரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கதையில்தான் இருக்கிறது.

முதல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் விற்பது என்று கணக்குப் போட்டுத்தான் அவர் காலத்தில் காவேரி அருவியில் மின் நிலையம் கட்ட ஆரம்பித்தார்கள். 1902 ஜூனில் அது ஓடத் தொடங்கியபோது பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் வரை 92 மைல், சுமார் 148 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது. தெருவிளக்குக்கும் சரி, சுரங்கத்து மோட்டாருக்கும் சரி, கழற்றி மாட்டும் வேலையே கிடையாது. ஒயர் ஒரு முறை முறுக்கி இணைக்கப்பட்டால் அப்படியே இருக்கும். ஆபத்து கம்பத்தின் உச்சியில் இருந்தது, மனிதர்கள் கீழே இருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் சிக்கல். முதலில் வீட்டுக்கு வந்தது விளக்கு மட்டும்தான். விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் பின்னால் வந்தபோது அவற்றை எதில் மாட்டுவது? பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான். இது நம் ஊர் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் 1904இல் காப்புரிமை வாங்கிய கழற்றும் பிளக்கும் விளக்கு ஹோல்டரில் திருகி மாட்டுவதுதான். நம் ஊரில் ஹோல்டரில் அழுத்தித் திருப்பும் வகை. என் சின்ன வயதில்கூட ஹோல்டரிலிருந்து ஒயர் தொங்க, துணி தேய்க்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஹோல்டரில் இரண்டே முனைகள். எர்த் என்ற பேச்சே இல்லை. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே ஒயர் உடம்பில் தொட்டால், அது போய்ச் சேர ஒரே வழி துணி தேய்ப்பவரின் கைதான்.

அந்தப் பழைய இஸ்திரிப் பெட்டியின் பின்புறம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு உலோகக் குழிக்குள் இரண்டு தடித்த பின்கள். ஒயரின் நுனியில் கறுப்பு பேக்கலைட் கனெக்டர். அதில் இரண்டு துளைகள், பக்கவாட்டில் பித்தளைப் பட்டைகள். கனெக்டரை உள்ளே தள்ளும்போது அந்தப் பட்டைகள் குழியின் சுவரை உரசிக்கொண்டு போகும். அதுதான் எர்த். நாலணா சாமானில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று: கரண்ட் வருகிற பக்கம் எப்போதும் துளை, கரண்ட்டை வாங்குகிற பக்கம் எப்போதும் பின். கழன்று விழுந்தாலும் விரல் படும்படி உயிருள்ள உலோகம் வெளியே இருக்காது. இரண்டு: பின்கள் குழிக்குள் இருக்க வேண்டும். மூன்று: எர்த் முதலில் சேர வேண்டும், கடைசியில் பிரிய வேண்டும்.

இதே மூன்றாவது விதிக்காகத்தான் நம் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் மற்ற இரண்டையும்விட நீளம். தடிமன் அதிகமாக இருப்பது அது தவறிப்போய் வேறு துளையில் நுழையக் கூடாது என்பதற்காக. இந்த உருண்டை பின் பிளக் பிரிட்டனின் பிஎஸ் 546 என்ற தரத்திலிருந்து நமக்கு வந்தது. இந்தியத் தரம் ஐஎஸ் 1293. தரத்தில் இப்போது 6, 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் சிக்பேட்டையில் போய் "ஃபிஃப்டீன் ஆம்ப்ஸ் பிளக்" என்று கேட்டால்தான் கடைக்காரர் கை நீளும்.

நான் இப்போது குடியிருக்கும் இங்கிலாந்தில் இந்தப் பிளக் வீடுகளிலிருந்து போய்விட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்புத் தட்டுப்பாடு. புது வீடுகளுக்குக் குறைந்த ஒயரில் வேலை முடிய வேண்டும் என்று ஒரு குழு உட்கார்ந்தது. அதில் இருந்த ஒரே பெண் பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட். 1947இல் சதுர பின், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ், குழந்தை விரல் நுழையாதபடி ஷட்டர் என்று பிஎஸ் 1363 வந்தது. நம் பழைய 15 ஆம்பியர் உருண்டைப் பிளக்கை இங்கே முதல்முதலாகப் பார்த்தது ஒரு நாடக அரங்கில், மேடை விளக்குகளின் ஒயரில். நாடகம் நடக்கும்போது உச்சிக் கம்பியில் தொங்கும் பிளக்குக்குள் ஃபியூஸ் போனால் யார் ஏறி மாற்றுவது? அதனால் ஃபியூஸ் இல்லாத பழைய பிளக்கையே அரங்குகள் வைத்துக்கொண்டன. ஏதோ ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, இத்தனை கதையும் எதற்கு? பீன்யா பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் அக்கா மகன் ஒரு டிரெய்லரைத் தானே வெல்ட் செய்து கட்டிக்கொண்டிருக்கிறான். உள்ளே டிரில்லிங் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர் வெல்டிங் செட், சின்ன கம்ப்ரஸர். அபார்ட்மெண்ட் வாசலில் நிறுத்தி, கேட், கிரில் வேலையை அங்கேயே முடிக்க வேண்டும் என்பது ஆசை. "மாமா, கரண்ட் மட்டும் போற எடத்துல வாங்கிக்கலாம். ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒயர் ஒண்ணு இருந்தா போதும், டிரெய்லர்ல ஒரு சாக்கெட் இருக்கு" என்றான்.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் பெங்களூருக்குப் புதிதல்ல. பவர்கட் காலத்தில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரிலிருந்து வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் இப்படித்தான் கரண்ட்டைத் திருப்பி விடுவார்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தால் போதும், கரண்ட் வீட்டைத் தாண்டித் தெரு ஒயருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரின் வீட்டுப் பக்கத்தில் 230 வோல்ட் நுழைந்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியே வரும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. டிரெய்லர் விஷயத்தில் இன்னும் நேரடி. ஒரு முனை சுவரில் இருக்கும்போது மறுமுனை வண்டியிலிருந்து கழன்றால், 230 வோல்ட் உள்ள பின்கள் நடைபாதையில் கிடக்கும். இஸ்திரிப் பெட்டி சொன்ன முதல் விதியைத் தலைகீழாக்கியது இந்த ஒயர்.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். யாருக்காவது உதவும்.

டிரெய்லரின் உடம்பில் இருக்க வேண்டியது சாக்கெட் அல்ல, மூடியுள்ள, பின்கள் குழிக்குள் இருக்கும் இன்லெட். நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் வகை கடைகளில் கிடைக்கிறது. 230 வோல்ட்டுக்கு நீலம், 400 வோல்ட் மூன்று ஃபேஸுக்குச் சிவப்பு. எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமன், அதனால் மாற்றி மாட்டவே முடியாது. டிரில்லும் கிரைண்டரும் மட்டும் என்றால் 16 ஆம்பியர் போதும். வெல்டிங் செட் உண்டு என்றால் 32 ஆம்பியர். 15 ஆம்பியர் சுவர் பாயிண்ட்டில் முழு வேகத்தில் வெல்டிங் செய்ய நினைக்கக் கூடாது, சாக்கெட் உருகிவிடும்.

ஒயர் மூன்று கோர் ஃப்ளெக்சிபிள். 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 32 ஆம்பியருக்கோ நீளத்துக்கோ இன்னும் தடிமன். டிரம்மில் சுற்றியபடியே ஓடவிட்டால் சூடாகி இன்சுலேஷன் இளகும், முழுக்க அவிழ்த்துப் போட வேண்டும். இன்லெட்டிலிருந்து உள்ளே போனதும் முதலில் இரண்டு துருவ எம்சிபி. போகிற இடமெல்லாம் ஃபேஸ் வலது துளையிலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒன்றை மட்டும் துண்டித்தால் மற்றது உயிரோடு இருக்கலாம். அடுத்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. டிரெய்லரின் இரும்புச் சட்டம் தடித்த பச்சை ஒயரால் எர்த் பட்டையோடு போல்ட் போட்டு இணைக்கப்பட வேண்டும். ரப்பர் டயரில் நிற்கும் இரும்புப் பெட்டி அது. எர்த் இல்லையென்றால் வண்டியே பழைய இஸ்திரிப் பெட்டி, ஈரத் தரையில் நின்று கைப்பிடியைத் தொடுபவர்தான் எர்த்.

அந்த 30 மில்லிஆம்பியர் சும்மா வந்த எண் இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் எவ்வளவு கரண்ட்டில் மனிதர் கையை விலக்க முடியாமல் போகும், எவ்வளவில் இதயம் தடுமாறும் என்று பல வருடங்கள் அளந்தவர். கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவியை அவர் 1961இல் உருவாக்கினார். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற வந்தது இந்தக் கருவி.

கடைசியாக, எங்கிருந்து கரண்ட் வாங்குவது? சாக்கெட்டில் வெறும் ஒயரை நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்குவதும், தெரு ஒயரில் கொக்கி போடுவதும் நம் ஊர்களில் சகஜம். கொக்கிக்கு எர்த்தும் இல்லை, ஃபியூஸும் இல்லை. திருட்டு என்பது தனிக் கணக்கு. ஒரே இடத்தில் பல நாள் வேலை என்றால் முறையான தற்காலிக இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். கர்நாடகக் கட்டண அட்டவணையில் எல்டி-7 என்று அதற்கு நெடுங்காலமாகத் தனி வகையே இருந்திருக்கிறது. ஒரு நாள் வேலை என்றால் அபார்ட்மெண்ட் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் உள்ள பாயிண்ட்தானா என்று டெஸ்ட் செய்த பிறகு மாட்டலாம். ஐந்து நிமிட வேலை.

இரட்டைப் பிளக் ஒயரை என்ன செய்வது என்று கேட்டான். ஒரு பக்கத்துப் பிளக்கை வெட்டிவிடச் சொன்னேன். ஒயர் வீணாகாது. அந்த முனையில் நீலக் கனெக்டரை மாட்டினால் ஒரு பக்கம் பின், மறுபக்கம் துளை ஆகிவிடும். டிரில்லுக்குத் தாராளமாகப் போதும்.