முடிச்சு போடக் கூடாத பூசாரி

உரோம வரலாறு நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவன் கேட்டுவிடுவான்: "சார், சீசர் தளபதியா, பூசாரியா?" இரண்டும்தான் என்பேன்.

பூசாரிக்கு லத்தீனில் பொதுப்பெயர் சக்கெர்டோஸ். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. அதற்குள் பல பதவிகள். பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்பவர் ஔகுர். சடங்கு முறையையும் நாள்காட்டியையும் கவனிப்பவர் பொன்டிஃபெக்ஸ். தனித்தனித் தெய்வங்களுக்கு ஃபிளாமென்கள். இவற்றில் பலவற்றைப் பெரிய குடும்பத்து ஆண்கள் அரசியலோடு சேர்த்தே பார்த்துக்கொண்டார்கள்.

ஜூபிடரின் பூசாரியான ஃபிளாமென் டியாலிஸுக்கு மட்டும் அது எளிதல்ல. அவருக்கிருந்த விலக்குகளை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் வரிசையாக எழுதிவைத்தார். குதிரை ஏறக் கூடாது. போருக்கு அணிவகுத்த படையைப் பார்க்கக் கூடாது. சத்தியம் செய்யக் கூடாது. உடையில் எங்கும் முடிச்சு கூடாது. அவரைக்காயின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. கட்டுண்ட கைதி அவர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். அந்தக் கட்டுகளையும் முற்றத்துத் திறப்பு வழியே கூரைக்கு இழுத்துத் தெருவில் எறிய வேண்டும். மனைவி இறந்தால் பதவியும் போச்சு.

கி.மு. 209-இல் காயஸ் வலேரியஸ் ஃபிளாக்கஸ் என்ற ஊதாரி இளைஞனை அவன் விருப்பத்தைக் கேட்காமலே இப்பதவியில் உட்காரவைத்தார்கள். ஆள் திருந்திவிட்டான். அதோடு நிற்கவில்லை, பழைய உரிமை என்று வாதாடி செனட்டில் இடம் பிடித்தான். கி.மு. 200-இல் ஈடில் என்ற நகர நிர்வாகப் பதவிக்கான தேர்தலிலும் வென்றான். பதவியேற்கச் சத்தியம் செய்ய வேண்டுமே? அவனுக்குப் பதில் அவன் சகோதரர் லூசியஸ் செய்துகொடுத்தார்.

கி.மு. 87-இல் மெரூலா என்ற ஃபிளாமென் டியாலிஸ் தற்கொலை செய்துகொண்டார். அவர் இடத்துக்கு இளைஞராக இருந்த சீசரின் பெயர் அடிபட்டது. எதிர்த்தரப்புத் தளபதி சுல்லாவின் கை ஓங்கியதும் அது நழுவியது. கி.மு. 63-இல் தலைமைப் பொன்டிஃபெக்ஸ் ஆன சீசருக்கு அந்த விலக்குகள் எதுவும் இல்லை. அப்பதவியில் இருந்துகொண்டேதான் கால் (Gaul) நாட்டை வென்றார், நாள்காட்டியைத் திருத்தினார்.

ஜூபிடரின் பூசாரி இடமோ 70 ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்தது. பூசை நிற்கவில்லை, பொன்டிஃபெக்ஸ்களே செய்தார்கள். அகஸ்டஸ் காலத்தில்தான் மறுபடி ஆள் வந்தார். ஆசாரம் அதிகமாக இருந்த பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதிகாரம் இருந்த பதவிக்குப் போட்டி குறையவே இல்லை.