மொகல் தெருவின் ஐந்தொகை

போன கூட்டத்தின் முடிவில் சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: "செய்தியெல்லாம் கெட்ட செய்தி, சந்தை மட்டும் ஏறுகிறதே, எப்படி?" நான் பொருளாதாரம் படித்தவளில்லை, டிப்ளமா முடித்த நர்ஸ். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் யாங்கூனில் ஒரு பழைய பதில் இருக்கிறது.

முதலில் என் வார்டு. விபத்தில் அடிபட்ட இளைஞனுக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ரத்த அழுத்தம் மட்டும் சரியாகவே காட்டும். கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, இதயத்தை விரட்டி, உடம்பு அந்த எண்ணைக் காப்பாற்றி வைத்திருக்கும். அது விழும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதனால் நாங்கள் எண்ணோடு நிற்பதில்லை, கையைத் தொட்டுப் பார்ப்போம், சில்லிட்டிருக்கிறதா என்று.

இனி 1930, ரங்கூன். மே 5 அன்று பெகு பூகம்பம். அதே மாதம் துறைமுகத் தொழிலாளர் தகராறு இந்தியருக்கு எதிரான கலவரமாகிறது. டிசம்பரில் சாயா சான் கிளர்ச்சி. இவற்றுக்கெல்லாம் மேலாக, உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போகிறது. நெல்லை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் மொகல் தெருவில் இருந்த நம் நகரத்தார். தமிழ் மாதந்தோறும் அங்குள்ள கோயிலில் கூடி வட்டி விகிதம் பேசி முடிப்பார்கள். இன்று அது ஷ்வேபொந்தா தெரு.

அவர்களுடைய ஐந்தொகை கவிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? கவிழவில்லை. கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் பேரேட்டில் வந்து உட்கார்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937 வாக்கில் அது 25 சதவீதம். கணக்குப்படி சொத்துக்குக் குறைவில்லை. கையைத் தொட்டால்தான் தெரியும்: ரொக்கம் இல்லை, நிலத்தை வாங்க ஆள் இல்லை. நிலம் வேண்டும் என்று பர்மாவுக்குப் போனவர்களும் இல்லை அவர்கள். பணம் சுழல வேண்டும், அதுதான் தொழில். நாம் இந்தக் கதையை நம் இழப்பாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த 25 சதவீதத்தின் மறுபக்கத்தில் சொந்த வயலில் குத்தகைக்காரனாகிப்போன பர்மிய விவசாயி நின்றான். 1938 கலவரத்தைப் பற்றிப் பேசும்போது அவனையும் நினைக்க வேண்டும்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டு லட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம். பேரேட்டில் இருந்த நிலம் பேரேட்டிலேயே நின்றது.

எல்லா ஏற்றமும் ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. 2020-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஐந்து வாரத்தில் 34 சதவீதம் விழுந்தது. ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதம். ஆகஸ்டிலோ புதிய உச்சம். மத்திய வங்கி பணத்தைக் கொட்டியது. மூடிய கடைகள் பெரும்பாலும் குறியீட்டில் இல்லாத சின்னக் கடைகள். மார்ச்சில் பயந்து விற்றவர்கள்தான் தோற்றார்கள்.

எங்கள் ஊரிலும் பங்குச் சந்தை உண்டு. சூலே பகோடா சாலையில், இந்திய ரிசர்வ் வங்கியின் ரங்கூன் கிளையாக இருந்த கட்டடத்தில். 2016 மார்ச் 25 அன்று வியாபாரம் தொடங்கியபோது ஒரே ஒரு நிறுவனத்தின் பங்குதான். ஆனால் எங்களுக்கு உண்மையான சந்தை தங்கக்கடை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடில்லாமல் செல்லாததாயின. எனக்கு அப்போது ஏழு வயது. அரிசிப் பானைக்குள் அம்மா சேர்த்திருந்த நோட்டுகளை நான் கடை வைத்து விளையாட எடுத்துக்கொண்டேன், அம்மா தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நோட்டாகச் சேர்த்ததே இல்லை.

2021-க்குப் பின் இங்கே நடந்ததும் அதுதான். அந்த ஆண்டு பொருளாதாரம் 18 சதவீதம் சுருங்கியது என்று உலக வங்கி மதிப்பிட்டது. டாலருக்கு 1,330 கியாட் அளவில் இருந்தது, 2022-இல் அரசு விகிதமே 2,100 ஆனது; வெளியே அதற்கும் மேல். ஒரு கியாட் எடைத் தங்கம், நம் கணக்கில் இரண்டு பவுன் சொச்சம், 2024-க்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. காகிதத்திலிருந்து ஓட வேறு இடமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கப் போவேன். கையில் பட்டை சுற்றும்போதே கேட்பார், "சிஸ்டரம்மா, இன்னிக்குப் பொன் என்ன விலை?" ஏறியிருக்கிறது என்பேன். "அப்படின்னா அரிசியும் ஏறியிருக்கும்" என்பார்.