கூரையைப் பிய்த்தெறிந்தவள்

1950களின் அமெரிக்க மலிவு அரக்கர் படங்களைக் கேலி செய்வது எளிது. ரப்பர் உடையின் மடிப்பு தெரியும். அட்டைக் குகை ஆடும். அந்தப் படங்களுக்குள்ளும் அவற்றுக்குப் பின்னாலும் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்கத் தொடங்கும்போது நம் சிரிப்பு சற்று அடங்குகிறது.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று, திரையரங்குகள் மீது பெரிய ஸ்டுடியோக்களுக்கு இருந்த பிடியைத் தளர்த்தியது. தொலைக்காட்சி குடும்பங்களை வீட்டில் உட்காரவைத்தது. மிஞ்சிய இளைஞர்களுக்காக, காரில் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளி அரங்குகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் ஓடின. அந்தப் பசிக்குத் தீனியாகச் சில நாட்களில் எடுத்துமுடித்த படங்கள் வந்தன. பலவற்றுக்குத் தலைப்பும் சுவரொட்டியும் முதலில் பிறந்தன, கதை பிறகுதான்.

இவற்றின் இலக்கணத்தை வறுமையே எழுதியது. அரக்கனைக் காட்டக் காசு வேண்டும். ஆகவே முதலில் நிழல், பிறகு ஒரு கை, பிறகு ஒரு பெண்ணின் அலறல். முழு உருவம் கடைசியில்தான். இடைப்பட்ட நேரத்தைப் பேச்சால்தான் நிரப்பியாக வேண்டும். வரவேற்பறை, மதுக்கூடம், படுக்கையறை என்று காமிரா வீட்டைச் சுற்றியது. காசில்லாததால்தான் இந்தப் படங்களுக்குள் குடும்பம் நுழைந்தது என்று நினைக்கிறேன். குடும்பம் நுழைந்ததும் அதன் சண்டைகளும் கூடவே வந்துவிட்டன.

1958இல் வெளிவந்த ‘அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் உமன்’ படத்தின் நான்சி பெரும் சொத்துக்காரி. கணவனுக்கு வேறொருத்தியுடன் உறவு. பாலைவனச் சாலையில் வேற்றுலக ராட்சதனைக் கண்டதாக நான்சி சொன்னபோது ஊர் நம்பவில்லை: குடிகாரி, மனநல விடுதியிலிருந்து வந்தவள். அவளைக் கொன்று சொத்தை அடையக் கணவன் ஊசியோடு நுழையும் இரவில் அவள் ஐம்பதடி வளர்ந்துவிட்டிருக்கிறாள். மதுக்கூடத்தின் கூரையைப் பிய்த்து அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். தந்திரக்காட்சி படுமோசம், அவள் உடலுக்குள்ளால் பின்னணி தெரிகிறது. ஆனாலும் கூரை பெயரும் அந்தக் கணத்தில் நம் மனம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமில்லை. படம் அவளைக் கொன்றுதான் முடிகிறது, அதுவும் இலக்கணம்தான்.

ரோஜர் கார்மனின் ‘த வாஸ்ப் உமன்’ (1959) அழகுசாதன நிறுவன உரிமையாளர் ஒருத்தியின் கதை. விளம்பரங்களில் அவள் முகம் முதுமையடைய, விற்பனை சரிகிறது. இளமைக்காகக் குளவியிலிருந்து எடுத்த மருந்தை ஏற்றிக்கொண்டு குளவியாகிறாள். அவரது ‘இட் காங்கர்ட் த வேர்ல்ட்’ (1956) படத்தில் கணவன் வரவழைத்த வெள்ளிக்கிரக அரக்கனைத் துப்பாக்கியோடு தேடிப் போகிறவள் மனைவி. அந்த வேடத்தில் நடித்த பெவர்லி கார்லண்ட், படப்பிடிப்பில் அரக்கனின் குள்ள உருவத்தைக் கண்டு சிரித்து உதைத்தாராம். அதன்பின் அதை உயரமாக்கினார்கள்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது திரைக்கு வெளியே நடந்தது. 1954இன் ‘கிரியேச்சர் ஃபிரம் த பிளாக் லகூன்’ யுனிவர்சல் ஸ்டுடியோவின் படம். மயங்கிய பெண்ணைக் கைகளில் ஏந்திச் செல்லும் அதன் மீன்மனிதனை எத்தனையோ படங்கள் நகலெடுத்தன. அவனை வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக். டிஸ்னி ஸ்டுடியோவிலும் பணியாற்றிய ஓவியர். ‘அரக்கனைப் படைத்த அழகி’ என்று அவரை விளம்பரப் பயணத்துக்கு அனுப்ப ஸ்டுடியோ திட்டமிட்டது. ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் எதிர்த்ததும் அவர் ‘அரக்கர்களோடு வாழும் அழகி’ ஆனார். திரும்பிவந்தவருக்கு வெஸ்ட்மோர் மேற்கொண்டு வேலை தரவில்லை. மேலரி ஓமெரா 2019இல் எழுதிய நூல் வந்தபிறகே அவர் கதை பரவலாகத் தெரியவந்தது.

நான்சி கண்டதை ஊர் நம்பவில்லை. மிலிசென்ட் செய்ததைத் துறை ஒப்புக்கொள்ளவில்லை. முன்னது கற்பனை, பின்னது சம்பளப் பட்டியலில் நடந்தது. இந்தப் படங்களின் ஈர்ப்பு பயத்தில் இல்லை, கண்ணியமான படங்கள் மறைத்த சினத்தை மலிவான படங்கள் மறைக்கத் தெரியாமல் விட்டுவிட்டதில் இருக்கிறது என்பேன்.

மீன்மனிதனைப் பார்க்க நேர்ந்தால் ஒப்பனைக்கான பெயர் வரும்போது கவனியுங்கள். பட் வெஸ்ட்மோர் என்றிருக்கும். மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெயரைத் தேடுங்கள். இருக்காது.