கத்திக்குப் போட்ட வேலி

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு வரும். அங்குள்ள மஞ்சினீஸ்வரர் அய்யனார் கோவிலில் முடியிறக்கிக் காது குத்திக்கொண்ட பிள்ளைகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். ஆகவே எங்கள் பக்கத்து மனிதன் வாழ்க்கையில் முதன்முதல் சந்திக்கும் ஆயுதம் சவரக்கத்திதான் என்று சொன்னால், வாசகர்கள் அதை மிகையென்று தள்ளிவிடக் கூடாது.

நாவிதரின் அடைப்பத்துக்குள் கத்தி, தீட்டுக்கல், தோல்வார், கிண்ணம் எல்லாம் இருக்கும். பார்க்க எளிய சாமான்கள். பழக்கமோ வருஷக் கணக்கில். எனக்கு இருபது வயதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். "தோலை இழுத்துப் பிடி தம்பி, கத்தியைச் சாய்த்து வை, அழுத்தாதே" என்பதே அவருடைய பாடம் முழுதும். உபயோகித்த பிறகு ஈரம் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். எங்கள் உப்புக் காற்றுக்கு எஃகு என்றால் அத்தனை ஆசை!

இந்தக் கலையைச் சாமானியனும் தனக்குத்தானே செய்துகொள்ளலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் பிரான்சு தேசத்துக் கத்தித் தொழிலாளி ஷான் ழாக் பெரே. கத்திக்கு மரத்தால் ஒரு காப்பு மாட்டினார். 1769-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பிறகு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதி, தீட்டவே வேண்டாத, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டை 1895-ல் கற்பனை செய்தார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்க முடியாதென்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். நிக்கர்ஸன் என்ற பொறியியலாளர் முடியுமென்று செய்து காட்டினார். 1903-ல் விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். முதல் உலக யுத்தத்தின் முடிவிலோ அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று 35 லட்சம் ரேஸர்கள் வாங்கப்பட்டன. சிப்பாய் வீடு திரும்பியபோது பழக்கமும் கூடவே திரும்பியது.

கத்திக்குப் பழகிய கையால் ஸேப்டி ரேஸரைப் பிடித்த முதல் நாள் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சாய்வு எவ்வளவு என்பதை மேல்மூடியும் அடியிலுள்ள பல்வரிசையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தன. கைக்கு வேலையே இல்லை. பெரியவர் சொன்ன மூன்றில் "அழுத்தாதே" என்ற ஒன்றுதான் முழுசாக மிஞ்சியது. ஒரு மனிதரின் வித்தையை இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைத்துவிட்டார்களே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் அந்த வித்தை யாருக்குக் கிடைத்தது என்று யோசித்தால் வருத்தம் பாதியாகிவிடுகிறது. களத்து நெல்லைக் கூலியாகப் பெற்று வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது நாவிதரின் விதி. அந்தக் கத்தி தங்கள் மேல் படக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு விலக்கி வைத்தது தாழ்த்தப்பட்டவர்களின் விதி. கடையில் சவரம் செய்ய மறுப்பது குற்றமென்று 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டம் எட்டாத ஊர்களும் இருந்தன. அங்கெல்லாம் ஒரு பிளேடு பொட்டலம் யாரிடமும் ஜாதி கேட்கவில்லை.

பிறகு நடந்தது இன்னும் விசேஷம். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பயம் பரவப் பரவ, நாவிதரை வேண்டாமென்று சொல்லப் பிறந்த பிளேடு, இரண்டாக ஒடிக்கப்பட்டு நாவிதர் கைப்பிடிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இன்று சலூனில் ஆளுக்கொரு புதுப் பாதி பிளேடு.

ஒரு நோய்ப் பயம் ஒவ்வொரு கழுத்துக்கும் புதுப் பிளேடு வாங்கிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் அந்த நாற்காலியில் இடம் கொடுப்பதற்கு மட்டும் எந்த இயந்திரமும் வரப்போவதில்லை. அதை நாம்தான் செய்தாக வேண்டும்.