பந்தியில் தொடங்கிய வாதம்

சிற்றிலக்கிய வகுப்பில் வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யை நடத்தி முடித்த ஒரு நாள், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இவர் சாதியை ஆதரித்தும் நூல் எழுதினாராமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். "அப்படியானால் அவர் பைபிளைப் படிக்கவில்லையா?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி உடன் வந்தது. ஏனெனில் சாஸ்திரியார் தம் காலத்துத் தமிழருள் வேதாகமத்தை மிகுதியாகக் கற்றவர்களுள் ஒருவர். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

வேத வசனத்தை அன்றாட வாழ்வில் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. தமிழகத்துக் கிறித்தவத்தில் அக்கேள்வி எழுந்த இடம் பிரசங்க மேடையன்று. யார் எங்கே உட்காருவது, யாருக்குப் பின் யார் நற்கருணைக் கிண்ணத்தை வாயில் வைப்பது, யார் சமைத்ததை யார் உண்பது என்பதில்தான் அது எழுந்தது. சுருங்கச் சொன்னால், பந்தியில் எழுந்தது. அந்த வாதத்தின் வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது, மாணவரின் கேள்விக்கு விடை தேட உதவும்.

*

டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்ட சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டது. பாரதத்தில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு தமிழில் வந்தது என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அதே ஆலயத்துக்குள் வேளாளர் முதலிய சாதியாரும், பறையர் என அன்றைய ஆவணங்கள் குறிக்கும் மக்களும் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தரையில் விட்டிருந்த அந்த இடைவெளிக்குச் சுவர் எதுவும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

இக்காலத்தில் வாழ்ந்த ராஜநாயக்கன் என்பவரின் கதை தனியே நினைக்கத்தக்கது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய பறையர் குலத்தவர், கத்தோலிக்கராகப் பிறந்தவர். அச்சிட்ட தமிழ் வேத நூலைத் தாமே படித்து, அதன் வழியே தரங்கம்பாடிச் சபையை வந்தடைந்தார். பிறகு உபதேசியாராகிப் பல்லாண்டுகள் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியப் புராட்டஸ்டண்ட் குருமாருள் முதல்வர் அவரே. 1740களில் ராஜநாயக்கனின் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. ஆனால் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய ஒழுக்கத்திலோ அறிவிலோ யாரும் குறை காணவில்லை. அவர் கையால் நற்கருணை பெறுவதற்கு மற்ற சாதிக் கிறித்தவர் தயங்குவர் என்பதே காரணம். அதாவது, வேதத்தைப் போதிக்க அந்தக் கை போதுமானதாக இருந்தது. அப்பத்தைப் பிட்டுத் தர மட்டும் போதுமானதாக இல்லை.

*

வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு அவரிடம் வளர்ந்தவர். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் இருந்தவர். சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் தமிழ்க் கிறித்தவ வழிபாட்டின் இசைக்கு அடித்தளம் இட்டன.

1820களில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தனர். இவர்களுள் திருநெல்வேலியில் பணியாற்றிய ரேனியஸ் குறிப்பிடத்தக்கவர். 'பூமி சாஸ்திரம்' எழுதியவராகவும், தமிழ் இலக்கண நூல் செய்தவராகவும் நாம் அறிந்தவர். தமது பள்ளியில் மாணவர் அனைவரும் ஒன்றாக உண்ணவேண்டும் என அவர் வற்புறுத்தினார். பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் சென்றனர். பப்ரிசியுஸ் செய்த பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியிலும் ரேனியஸ் இறங்கியிருந்தார்.

தஞ்சைக் கிறித்தவர் சார்பில் சாஸ்திரியார் இப்புதியவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்ற நூலையே எழுதினார். அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகள் நான்கு. பழகிய வேத மொழிபெயர்ப்பைக் கலைத்தது ஒன்று. நற்கருணைப் பந்தியில் சாதிகளை ஒன்றாக்க முயன்றது மற்றொன்று. திருமணத்திலும் விழாக்களிலும் பூக்களை விலக்கியது மூன்றாவது. ஆலயத்தில் தமிழிசையை நிறுத்த முற்பட்டது நான்காவது.

இந்தப் பட்டியலை இன்று படிக்கும்போது ஒரு விசித்திரமான உணர்வு ஏற்படுகிறது. நான்கில் மூன்றில் நாம் சாஸ்திரியாரின் பக்கமே நிற்போம். மூன்று தலைமுறையாக நாவில் ஊறிய வேத வாசகத்தை வெளிநாட்டார் ஒருவர் மாற்றும்போது யாருக்கும் வலிக்கும். பூவில் என்ன பாவம் இருக்கிறது? கீர்த்தனையில் என்ன குற்றம் இருக்கிறது? ஐரோப்பிய வழக்கத்தையே நற்செய்தி என்று மிஷனரிகள் மயங்கினர் என்ற அவருடைய சினம் நியாயமானது. அந்த நியாயமான சினத்தின் நடுவே, மற்ற மூன்றோடு ஒன்றாக, சாதியும் 'எங்கள் வழக்கம்' என்று வந்து அமர்ந்துகொண்டது.

*

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றுமடல் விடுத்தார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முழுமையாகவும் நிலையாகவும் கைவிடப்படவேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் சபைகள் பிளந்தன. உபதேசியார்களும் ஆசிரியர்களும் பதவி இழந்தனர். 1835இன் தொடக்கத்தில் பேராயரே தஞ்சைக்கு வந்து பேசினார். சிலர் இணங்கினர், பலர் வெளியேறினர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பணியாளர் எல்லாரும் ஒரே பந்தியில் உண்டு காட்டவேண்டும் என்றது. மறுத்தவர்கள் விலக்கப்பட்டனர்.

வெளியேறியவர்களுள் பலருக்கு லைப்சிக் லுத்தரன் மிஷன் புகலிடமாயிற்று. அதன் இயக்குநர் கார்ல் கிரால் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர், தமிழை நேசித்தவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, அதைச் சட்டமிட்டு நீக்கக்கூடாது, மாவைப் புளிப்பு மெல்லப் பரவி மாற்றுவது போல் நற்செய்தி காலப்போக்கில் அதைக் கரைக்கும் என்பது அவர் நிலைப்பாடு. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் சாதிக்கு எதிராக ஒருமித்து அறிக்கை விடுத்தபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை.

இங்கே எதிர்த்தரப்பின் முரணையும் மறைக்கக்கூடாது. அதே காலத்து இங்கிலாந்தில் வாடகை செலுத்தும் குடும்பங்களுக்கு ஆலயத்தில் தனி இருக்கைகள் இருந்தன; ஏழைகள் கிடைத்த இடத்தில் அமர்ந்தனர். "உங்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு இல்லையா?" என்ற தஞ்சையாரின் கேள்வியில் உண்மை இருந்தது. ஆனால் ஒருவரின் குற்றம் மற்றவரின் குற்றத்துக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

*

இரு தரப்பாரும் வேதத்தை எடுத்தே வாதிட்டனர் என்பதுதான் இவ்வரலாற்றின் மையம். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, சுயாதீனர், ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதைச் சீர்திருத்தத் தரப்பு காட்டியது. அதற்கு மறுப்பும் அதே வசனத்திலிருந்து வந்தது: ஆணும் பெண்ணும் விசுவாசத்துக்குப் பின்னும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கிறார்கள், ஆகவே அங்கே சொல்லப்பட்டது ஆன்மாவின் சமத்துவம், உலக வரிசையைப் பற்றி அது பேசவில்லை. பிலேமோனுக்கு எழுதிய கடிதமும் துணைக்கு வந்தது. அடிமை ஒநேசிமுவைப் பவுல் எசமானிடமே திருப்பி அனுப்பினார் அல்லவா?

இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது ஒன்று. செய்யுளை அதன் திணை, துறை, கூற்று அறியாமல் தனியே பிரித்தெடுத்துப் பொருள் சொன்னால் எப்படியெல்லாம் தவறுவோம் என்று நாம் அறிவோம். இவ்வசனத்துக்கும் அதுவே நேர்ந்தது. கலாத்தியர் நிருபத்தில் அது மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் ஒரு சண்டை இருக்கிறது. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகுகிறார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். ஒன்றாக உண்ணாமல் எழுந்துபோனதை நற்செய்தியின் சத்தியத்துக்கே விரோதம் என்கிறார். வேற்றுமை இல்லை என்ற பெரிய வாக்கியம் இந்தச் சாப்பாட்டுச் சண்டையின் தொடர்ச்சியாகவே வருகிறது. எனவே அது ஆன்மாவைப் பற்றியது மட்டுமே, பந்தியைப் பற்றியதன்று என்று சொல்ல அந்நூலே இடந்தரவில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரமும் இப்படித்தான். அபாத்திரமாய் நற்கருணை பெறுதல் என்ற எச்சரிக்கையை நம் சபைகளில் தனிமனிதரின் அந்தரங்கப் பாவம் பற்றியதாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அங்கே பவுல் கண்டிப்பது வேறு. வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு முடிக்கிறார்கள்; இல்லாதவர்கள் பசியோடு வெட்கி நிற்கிறார்கள். இல்லாதவரை நாணச் செய்த அந்தப் பந்தி கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். கிண்ணத்தை முதலில் யார் தொடுவது என்று வரிசை வகுத்தவர்களுக்கு இதைவிட நேரடியான வசனம் வேண்டியதில்லை. இருந்தும் அவ்வசனம் வேறு பக்கமாகத் திருப்பப்பட்டது.

*

புளிப்பு மாவு எவ்வளவு காலத்தில் பரவியது? கத்தோலிக்கர் பக்கம் பார்த்தால், வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கால்போல விரிந்து கட்டப்பட்டது. 'கால்சட்டைக் கோவில்' என்றே மக்கள் அதை அழைத்தனர். பிரிக்கும் சுவர் 1910ஐ ஒட்டி இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதியின் பேரில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளது. நூறாண்டு கழித்தும் கதை முடியவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கோரியதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதைத் தன் கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற வேத வாக்கியம் அவர்களுக்கு ஆலயத்தில் இடம் பெற்றுத் தரவில்லை. அரசு அலுவலகத்தில் மட்டும் அவர்களுக்கு எதிராக நின்றது.

*

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு என்னும் 'பறட்டை அண்ணன்' 2005இல் மறைந்தார். நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய இறையியலின் நடுவே இருந்த சொல் 'ஒரே உலை'. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்பதே நற்கருணையின் பொருள் என்றார். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பந்தி, இரண்டரை நூற்றாண்டு கழித்து, அவர் வழிவந்தோரின் சொல்லிலேயே மீண்டும் கேட்கப்பட்டது என்று எண்ணுகிறேன். வேதத்துக்கு உரை எழுதியவர்கள் காணத் தவறியதை, பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள்.

சாஸ்திரியாரைப் பாடத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய தமிழ் நமக்கு வேண்டும். ஐரோப்பிய வழக்கத்தை நற்செய்தியாக ஏற்க மறுத்த அவருடைய துணிவும் வேண்டும். ஆனால் எந்த வழக்கத்தை வேதம் தன்மேல் சூடிக்கொள்ளலாம், எதை உடைத்தே தீரவேண்டும் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பூவும் கீர்த்தனையும் பந்தியிலிருந்து யாரையும் எழுப்பவில்லை. சாதி எழுப்பியது. நான்கையும் ஒரே பட்டியலில் எழுதியதுதான் அந்தப் பெரும்புலவரின் பிழை.

மறுநாள் அந்த மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பைபிளைப் படித்தவர்தான், நன்றாகவே படித்தவர். ஆனால் எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதையும் நாம் கேட்கவேண்டும் என்றேன். மாணவர் சற்று யோசித்துவிட்டு, "நாமும்தானே ஐயா?" என்றார். ஆம், நாமும்தான்.